காப்பீடு ஹராம் என்போர் தியத்துக்கு என்ன வழி வைத்திருக்கிறார்கள்?

பதினெட்டு வயது நிறைந்து ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்த மறுமாதமே, வளைகுடாவிலிருந்து தந்தையோ அண்ணனோ அனுப்பிய பணத்தில் பழைய கார் ஒன்றை வாங்கிவிடும் இளைஞர்கள் நம் மஹல்லாக்களில் பெருகிவிட்டனர். வாங்குவதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. அந்தக் காருக்குக் காப்பீடு எங்கே என்று கேட்டால் வரும் பதிலில்தான் ஆட்சேபணை. "இன்சூரன்ஸ் ஹராம்தானே, தவக்குல் போதும்" என்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களும் அதைக் கேட்டுத் தலையசைக்கிறார்கள்.

வணிகக் காப்பீட்டைப் பற்றி மார்க்க அறிஞர்கள் எழுப்பிய கேள்விகளை நாம் இலேசாக எண்ணவில்லை. 1985-ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான பிரீமியத்துக்கு விற்கப்படும் வணிகக் காப்பீட்டில் பெரும் 'கரர்' இருக்கிறது என்று சொல்லி அதைத் தடுத்தது. பரஸ்பர உதவியின் அடிப்படையில் அமையும் கூட்டுறவுக் காப்பீட்டை அதற்கு மாற்றாகக் காட்டியது. மலேசியா 1984-லேயே தகாஃபுலுக்குத் தனிச் சட்டம் இயற்றிவிட்டது. இந்தியச் சந்தையிலோ வாகனங்களுக்குத் தகாஃபுல் கிடையாது. ஆகவேதான், சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் நபர் காப்பீட்டை நிர்ப்பந்தத்தின் பேரில் எடுத்துக்கொள்ளலாம் என்று உலமாக்கள் பலர் கூறுகின்றனர். முழுக் காப்பீட்டில் கருத்து வேறுபாடு உண்டு. தத்தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது அவரவர் கடமை.

ஆனால் நாம் காணும் 'பேணுதல்' அந்த இல்மின் வழியே வந்ததன்று. காரை வாங்க ஐந்தாண்டு வங்கிக் கடன் எடுத்து, மாதந்தோறும் வட்டியோடு தவணை செலுத்துகிறவருக்கு, ஆண்டுக்கு ஒருமுறை பிரீமியம் கட்டும் நாளில் மட்டும் ஹராம் நினைவுக்கு வருகிறது. இதைத் தக்வா என்று அழைக்க நம் நா எழவில்லை.

தவக்குலுக்கு வருவோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது நம்பிக்கை வைக்கச் சொன்ன, திர்மிதீயில் பதிவான ஹதீஸ் நம் மிம்பர்களில் ஒலிக்காத மாதமில்லை. அங்கே பேசப்படுவது சொந்த ஒட்டகம்; கட்டாமல் விட்டால் இழப்பு உரிமையாளருக்கு. மூன்றாம் நபர் காப்பீட்டில் பேசப்படுவது நம் வண்டி அன்று. நம் வண்டி மோதிய மனிதர். நம் உயிரையும் உடைமையையும் அல்லாஹ்விடம் ஒப்படைப்பது நமக்குரியது. சாலையோரம் நடந்து சென்ற இன்னொருவரின் பிள்ளைகளுடைய சோற்றை நம் தவக்குலின் பேரில் பணயம் வைக்க யார் உரிமை கொடுத்தார்கள்?

தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால் குடும்பத்தாருக்குத் தியத் செலுத்த வேண்டும் என்பது குர்ஆன் (4:92) விதித்த சட்டம். வேண்டுமென்று செய்யவில்லை என்பதால் அந்தக் கடமை விலகுவதில்லை. அத்துடன், அந்தத் தொகையைத் தவறு செய்தவன் தனியே சுமக்குமாறும் ஃபிக்ஹ் விட்டுவிடவில்லை. 'ஆகிலா' எனப்படும் தந்தைவழி உறவினர் பகிர்ந்துகொண்டு மூன்றாண்டுகளில் செலுத்தினர். உமர் (ரலி) அவர்கள் காலத்தில் அப்பொறுப்பு 'தீவான்' பதிவேட்டில் இருந்தோர்மீது வைக்கப்பட்டது என்பதை ஹனஃபி மத்ஹபினர் ஆதாரமாகக் கொள்கின்றனர். வணிகக் காப்பீடும் ஆகிலாவும் ஒன்று என்று நாம் வாதிடவில்லை. ஆயினும், காப்பீடே வேண்டாம் என்போர் அதன் இடத்தில் எந்த ஆகிலாவை நிறுத்தியிருக்கிறார்கள்? விபத்து நடந்த மறுநாள், சொந்தச் சித்தப்பாவே கைபேசியை அணைத்துவிடும் காலமல்லவா இது!

தொகை எவ்வளவு வரும் என்பதையும் பார்த்துவிடுவோம். மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் 35 வயதுக் கொத்தனார் ஒருவர். மனைவி, இரு பிள்ளைகள், தாயார் என நால்வர் அவரை நம்பி வாழ்கின்றனர் என்று கொள்வோம். ஆண்டு வருமானம் 1,80,000. பிரணய் சேத்தி வழக்கில் (2017) உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, சுயதொழில் செய்யும் நாற்பது வயதுக்கு உட்பட்டவருக்கு எதிர்கால உயர்வாக 40 விழுக்காடு சேர்த்தால் 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால்பங்கு கழித்தால் 1,89,000. சர்லா வர்மா வழக்கின்படி (2009) அந்த வயதுக்குரிய பெருக்கெண் 16. ஆக, 30,24,000 ரூபாய். ஈமச்சடங்குச் செலவு முதலியன இதற்கு மேல். காப்பீடு இல்லாவிட்டால் இத்தொகையை ஓட்டியவரிடமும் உரிமையாளரிடமும்தான் தீர்ப்பாயம் கேட்கும். உரிமையாளர் பெரும்பாலும் வாப்பா! அவரிடம் இருப்பதோ அந்த ஒரு வீடு. அவராலும் கொடுக்க இயலாவிட்டால், தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு கொத்தனாரின் மனைவி நீதிமன்ற வாசலில் நிற்பார்.

இதைத் தடுக்க ஆகும் செலவு என்ன? 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1000 சி.சி.க்கு மேற்படாத தனியார் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416, அதற்கு மேல் 7,897. இவற்றோடு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சிறிய கார் என்றால் வரியும் சேர்த்து நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. பிரிட்டன் போன்ற நாடுகளில் வயது குறைந்த ஓட்டுநரிடம் அதிகத் தொகை கேட்பார்கள். இங்கே மூன்றாம் நபர் கட்டணத்தை எஞ்சினின் அளவுதான் தீர்மானிக்கிறது, ஓட்டுபவரின் வயது அன்று. "சின்னப் பையன், எப்படிக் கட்டுவான்" என்ற பரிவுக்கு இங்கு இடமில்லை. காப்பீடின்றி முதல்முறை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சிக்கனம் வேண்டுமா? தாராளமாகச் செய்யலாம், செய்ய வேண்டிய இடத்தில். பத்து வயதான, சந்தையில் ஒன்றரை லட்சம் பெறும் காருக்கு முழுக் காப்பீடு எடுக்காமல், மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிற்பதில் குறையொன்றுமில்லை. நசுங்கினால் நசுங்கட்டும், அது நம் ஒட்டகம். சொந்தச் சேதத்துக்கும் காப்பீடு வேண்டுமென்றால், சிறு சேதங்களை நாமே ஏற்பதாக ஒரு தொகையைக் குறித்துக்கொடுத்துப் பிரீமியத்தைக் குறைக்கலாம். பழைய வண்டிக்குத் தேய்மானக் கழிவில்லா இணைப்புகளை வாங்கச் சொல்லும் முகவரின் பேச்சைக் காதில் வாங்க வேண்டியதில்லை. 2019 செப்டம்பர் முதல் சொந்தச் சேதக் காப்பீட்டைத் தனியே வேறு நிறுவனத்திலும் வாங்க முடிகிறது. இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்பதில் வெட்கமென்ன? உரிமையாளரே ஓட்டுநராக இருந்தால் 15 லட்சத்துக்கான தனிநபர் விபத்துக் காப்பீடும் கட்டாயம். அதே அளவில் ஏற்கெனவே ஒன்று இருப்பவர் மீண்டும் வாங்க வேண்டியதில்லை.

கைவைக்கக் கூடாத இடத்தில் கைவைப்பதே நம் குற்றச்சாட்டு. நிறுவனம் மாறும்போது "சென்ற ஆண்டு இழப்பீடு கோரினீர்களா?" என்ற கேள்விக்கு, கோரியிருந்தும் "இல்லை" என்று தட்டிவிட்டு நோ கிளெயிம் போனஸ் தள்ளுபடியை வாங்கிக்கொள்கிறார்கள். பிரீமியத்தில் கரர் இருக்கிறதா என்று ஃபத்வா தேடியவரின் விரல் பச்சைப் பொய்யை அழுத்தும்போது நடுங்குவதில்லை. பிறகு கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் நிறுவனத்தை ஏசுகிறார்கள். சொந்த உபயோகத்துக்கென்று பாலிசி எடுத்த காரை விமான நிலைய வாடகைக்கு ஓட்டுவதும் இவ்வகைதான்.

கைக்கூலியாக வந்த புதுக் கார்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. (கைக்கூலியே எத்தகையது என்பது வேறு விஷயம், அதை முன்னரும் எழுதியிருக்கிறோம், இனியும் எழுதுவோம்.) 2018 செப்டம்பர் முதல், உச்ச நீதிமன்ற உத்தரவின்படி புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு சேர்ந்தே வருகிறது. அந்த மூன்றாண்டு என்று முடிகிறது என்பதை மாப்பிள்ளையும் அறிவதில்லை, மாமனாரும் அறிவதில்லை. நான்காம் ஆண்டில் அந்தக் கார் காப்பீடின்றியே சாலையில் ஓடுகிறது.

நண்பரிடம் பழைய கார் வாங்குவோர் கையோடு ஆர்.சி. புத்தகத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்; பதினான்கு நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதிப் பாலிசியில் பெயரை மாற்ற வேண்டும். பெயர் மாறாத வரையில் பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே விற்றவர்களும் கவனிக்கட்டும்: பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, "நீயே மெதுவா மாத்திக்க" என்று சாவியைக் கொடுத்தனுப்பிய அந்தக் கார் இன்று எந்த ஊரில் ஓடுகிறது, அதன் பாலிசி எந்தத் தேதியோடு முடிந்தது?