படைப்பதற்கு முன்

ஞாயிறு ஆராதனையில் முழங்காலில் நின்று நாம் வாசிக்கும் பொதுப் பாவ அறிக்கையில் ஒரு வரிசை உண்டு. செய்யாமல் விட்டவை முதலில் வரும். செய்தவை அதற்குப் பிறகுதான். இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெபப் புத்தகத்தில் 1552இல் சேர்ந்த அறிக்கை அது. மனப்பாடம் ஆகிவிட்டதால் வாய் தன்பாட்டுக்குச் சொல்லும். கண் அடுத்த பெஞ்சில் யார் என்ன சேலை கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கும். செய்த பாவங்களுக்கு நம்மிடம் நீளமான பட்டியல் இருக்கிறது: பொய், கோபம், சினிமா, சீட்டாட்டம், சில சபைகளில் நகையும் பூவும்கூட. செய்யாமல் விட்டவற்றுக்கு அப்படியொரு பட்டியலை யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. எழுதினால் முதல் வரியாக எதைப் போடுவது என்று யோசித்தேன். நமக்குக் கொடுக்கப்பட்ட சுயாதீனத்தைத்தான் போட வேண்டும் என்று தோன்றியது.

சுயாதீனம் என்ற சொல்லை இன்று எங்கள் ஊரில் பழைய வேதாகம மொழிபெயர்ப்புக்கு வெளியே கேட்பது அரிது. அதன் உடன்பிறப்பான ‘சுவாதீனம்’ மட்டும் பத்திர எழுத்தரிடம் உயிரோடு இருக்கிறது. நிலம் இன்னார் சுவாதீனத்தில் இருக்கிறது என்றால் அவர் வேலி போட்டுக்கொள்ளலாம், பிறரை உள்ளே விடாமல் இருக்கலாம் என்று அர்த்தம். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தையும் நாம் அந்தப் பத்திர அர்த்தத்திலேயே வாசித்துவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம். பவுல் அங்கே சுயாதீனத்துக்கான அழைப்பையும் அதை வைத்துச் செய்ய வேண்டிய வேலையையும் ஒரே வசனத்தில் சொல்லிவிடுகிறார். அந்த வேலை, ஒருவருக்கொருவர் அன்பினால் பணிவிடை செய்வது. நாம் முதல் பாதியை வாசித்து வேலி போட்டோம். இரண்டாம் பாதி வேலிக்கு வெளியே நின்றுவிட்டது.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு தூக்குச்சட்டி.

தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டு ஊர் ஒன்றில் எங்கள் வீடு. அடுத்த வீட்டுச் சித்தி என் அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அம்மன் கோயில் கொடை முடிந்ததும் சர்க்கரைப் பொங்கலைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு வருவார். அம்மா சிரித்த முகத்தோடு வாங்குவார். சித்தி தன் வீட்டு நடை ஏறியதும் பொங்கல் கொல்லைப்பக்கம் கோழிகளுக்குப் போகும். விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடக் கூடாது; அண்டை வீட்டாரின் மனமும் நோகக் கூடாது. இரண்டையும் சாமர்த்தியமாகக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தோம். எங்கள் தெருவில் கிறிஸ்தவ வீடுகள் எல்லாமே அப்படித்தான் செய்தன. கோழிகள் கொழுத்தன.

ஒருமுறை சித்தியின் மகள் அதைப் பார்த்துவிட்டாள். வீட்டில் போய்ச் சொல்லியும் இருப்பாள். சித்தி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருஷக் கொடைக்கு வழக்கத்தைவிட முன்னதாகவே வந்தார். “அக்கா, இது படைக்கிறதுக்கு முந்தியே எடுத்து வச்சது. பயப்படாம சாப்பிடுங்க” என்றார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் அப்படித்தான் வந்தது. நாங்களும் சாப்பிட்டோம். அவருடைய அம்மனுக்கு முதலில் வைக்க வேண்டியதில் எங்களுக்காக முதலில் ஒரு பங்கை எடுப்பது அவருடைய பக்தியில் எவ்வளவு பெரிய விட்டுக்கொடுத்தல் என்று அப்போது நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

கொரிந்து சபையில் ஏறத்தாழ இதே சிக்கல்தான். பலியிட்ட இறைச்சி அந்த ஊர் இறைச்சிக் கடைகளிலும் விற்றது. அதை வாங்கலாமா, விருந்துக்குப் போன வீட்டில் உண்ணலாமா என்று அவர்களுக்குள் தகராறு. முதல் நிருபத்தின் எட்டாம், பத்தாம் அதிகாரங்களில் பவுல் சொல்வதைச் சுருக்கினால் இதுதான்: விக்கிரகம் ஒன்றுமில்லை, கடையில் விற்பதை வாங்கு, விசுவாசியாத ஒருவர் விருந்துக்குக் கூப்பிட்டால் போ, துருவித் துருவிக் கேட்காதே, ஆனால் இது படைத்தது என்று ஒருவர் வந்து சொன்னால், அவருடைய மனச்சாட்சிக்காகக் கையை எடுத்துக்கொள். உரிமை உன்னுடையது, அதை எப்போது பயன்படுத்தாமல் விடுவது என்பதை அடுத்தவனின் மனச்சாட்சி சொல்லும். இதைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்! கொரிந்து என்ற ஊர்ப் பெயரையே கேட்டிராத சித்தி, அடுத்த வீட்டாரின் மனச்சாட்சிக்காகத் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டார். அதிகாரமும் வசனமும் சொல்லத் தெரிந்த நாங்கள் கோழிக்குக் கொட்டினோம்.

பதிலுக்கு நாங்கள் என்ன அனுப்பினோம்? கிறிஸ்துமஸ் மார்கழியில் வருகிறது. சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும் காலம். ஒரு வருஷம் சித்தப்பா மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி தெருவுக்கே தெரியும். நாங்கள் அனுப்பியது ஆட்டுக்கறி பிரியாணி. சித்தி வாங்கிக்கொண்டார். மறுநாள், வெறும் பாத்திரத்தைத் திருப்பக் கூடாதென்று கழுவித் துடைத்துச் சர்க்கரை போட்டுக் கொடுத்தனுப்பினார். பிரியாணி என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியாது. அவர்கள் வீட்டிலும் கோழிகள் இருந்தன.

அதே மார்கழி இரவுகளில்தான் எங்கள் சபைப் பஜனைக் குழுவும் டிரம்மும் மைக்கும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். ஒலி மாசு விதிகள் 2000இலேயே வந்துவிட்டன. யாராவது முகம் சுளித்தால் மத சுதந்திரம் என்போம். அந்தச் சுதந்திரத்தைத் தருகிற அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் மூன்றுக்கும் உட்பட்டுத்தான் அதைத் தருகிறது. இங்கேயும் நாம் வாசித்தது ஒரு பாதி.

பொங்கலும் பிரியாணியும் சின்ன விஷயம் என்று யாராவது சொல்லலாம். சின்ன விஷயம்தான். பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அங்கே நாம் இந்தக் கொரிந்தியர் போதனையைத் தலைகீழாகவே புரட்டிப் போட்டோம்.

லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அங்கே தொடங்கிய சபையில், பிறகு தஞ்சாவூரிலும், சாதிக்கொரு பக்கமாக அமர்ந்தே ஆராதித்தார்கள். நற்கருணைக் கிண்ணத்தில் யார் முதலில் வாய் வைப்பது என்பதற்கும் வரிசை இருந்தது. மிஷனரிகள் இதை ஊர் வழக்கம், விசுவாசத்தைத் தொடாத காரியம் என்று பொறுத்தார்கள். பலவீனரான சகோதரருக்கு இடறல் உண்டாக்க வேண்டாம், மெல்ல மெல்ல மாறும் என்றார்கள். யார் அந்தப் பலவீனர்? மேல்சாதியிலிருந்து வந்து, பறையர் பக்கத்தில் உட்கார மனம் வராதவர். அவருக்கு இடறல் வராமல் பொறுத்துக்கொள்ள வேண்டியவர் யார்? தள்ளி உட்கார வைக்கப்பட்டவர். பலமுள்ளவன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது பவுல் சொன்னது. நிலமும் படிப்பும் இருந்தவனுக்குப் பலவீனன் என்று பேர் வைத்து, ஒன்றுமில்லாதவனை விட்டுக்கொடுக்கச் சொன்னது நாம்.

கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சாதி வேறுபாட்டைச் சபைக்குள் ஒழித்தே ஆக வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரில் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். நாம் இன்றும் உருகி உருகிப் பாடுகிற கீர்த்தனைகளை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் சாதி வழக்கத்தைக் காக்கும் பக்கம் நின்று எழுதினார். அவர் பாட்டைப் பாடுகிறோம், இதைப் பேசுவதில்லை. பெரிய கவிஞரைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. அவ்வளவு பக்தியும் அவ்வளவு தமிழும் இருந்தும் கண்ணுக்குத் தெரியாமல் போகிற இடம் ஒன்று உண்டென்றால், நம்முடைய நிலைமை என்ன என்று கேட்கத்தான்.

அந்த மிஷனரிகளின் சபைக்குப் பேர் தந்த லூத்தரையும் இங்கே விட முடியாது. கிறிஸ்தவனின் சுயாதீனத்தைப் பற்றி 1520இல் அவர் எழுதிய சிறு நூல் ஐரோப்பாவை உலுக்கியது. ஐந்தே வருஷத்தில், 1525இல், ஜெர்மன் விவசாயிகள் அதே சுயாதீனத்தின் பேரில் பண்ணை அடிமைத்தனத்தை ஒழிக்கக் கேட்டார்கள். சுயாதீனத்தைச் சரீரத்துக்குரியதாக்கிவிட்டீர்கள் என்று லூத்தர் மறுத்தார். ஆத்துமாவுக்கு விடுதலை, உடம்புக்குப் பழைய இடம். இந்தப் பிளவு நமக்கு எவ்வளவு பழக்கமானது!

வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயில் ஒரே பீடத்தை நோக்கி இரண்டு சிறகாக, சாதிக்கொரு சிறகாகக் கட்டப்பட்டது. நடுச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அதைச் சொல்லிச் சிரிக்கிற சீர்திருத்தச் சபைக்காரர்களான நமக்குச் சுவரே தேவைப்படவில்லை. முதலூர் 1799இல் உண்டானதிலிருந்து நாம் தனித்தனிக் கிறிஸ்தவக் கிராமங்களாகக் குடியேறினோம். துன்புறுத்தலிலிருந்து தப்பிக்க அன்றைக்கு வேறு வழி இல்லை, அது உண்மை. ஆனால் பல ஊர்களில் ஊரும் ஒரு சாதி, சபையும் ஒரு சாதி என்று ஆகிப்போனது. சுவரின் வேலையை ஊர் எல்லை பார்த்துக்கொண்டது.

தென் திருவிதாங்கூர்க் கதை நமக்குப் பெருமை. தோளை மறைக்கும் உரிமைக்காக அடிபட்ட பாட்டிகளின் பேத்திகள் நாம். 1859இல் மகாராஜா உத்திரம் திருநாள் வெளியிட்ட அறிவிப்பு நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது என்றும் சொன்னது. அந்த ஒட்டு வாக்கியத்தின் வலியை வைத்தாவது நமக்குக் கீழே என்று ஊர் சொன்னவர்களை நாம் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அதே மண்ணில் சீர்திருத்தச் சபைக்கு வித்திட்ட மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம் ஒரு சாம்பவர், ஊர் கீழே என்று சொன்னவர்களில் ஒருவர். 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே அங்கே வந்ததற்கு அவரே காரணம். நூற்றாண்டு விழா மலர்களில் அவர் படத்தைப் போடுகிறோம். அவர் சாதியில் பெண் எடுப்போமா என்று கேட்டால் கூட்டம் கலைந்துவிடும். சந்தேகமிருந்தால் மணமகள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள்: நம் சபைப் பெயரான சி.எஸ்.ஐ. என்பதற்குப் பக்கத்திலேயே, ஒரு கமா தள்ளி, சாதி.

ஆகஸ்ட் 10 வந்தால் கறுப்பு தினம் அனுசரிக்கிறோம். 1950இல் அந்த நாளில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர் இன்னும் வெளியே. கோரிக்கை நியாயமானது. ஆனால் டெல்லிக்குப் போனால், மதம் மாறியும் சாதி போகவில்லை என்று வாதாடுகிறோம். ஊருக்குத் திரும்பிப் பிரசங்க பீடத்தில் ஏறினால், கிறிஸ்துவுக்குள் சாதியே இல்லை என்கிறோம். இரண்டில் ஒன்றையாவது உண்மையாக்க நாம் எடுத்த முயற்சி எது? சேகரத் தேர்தலுக்கு அணி பிரிப்பதில் செலவழித்த உழைப்பில் கால்பங்கு அதற்குப் போயிருக்குமா?

நம்மிடம் நல்லதே இல்லை என்று சொல்லவில்லை. அசனம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை ஊரே கூடி, வரியாக வசூலித்த அரிசியிலும் ஆட்டிலும் சோறு பொங்கி, கோயில் வளாகத்தில் ஒரே பந்தியில் உட்காருகிற அந்த நாளைப் போல அழகான ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கொரிந்தில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, ஏழைகள் பசியோடு நின்றார்கள். பவுல் அதைக் கடிந்துகொள்கிறார். அசனத்தில் அப்படி நடப்பதில்லை. ஆனால் பந்தியின் கடைசியில், தூக்குவாளியோடு காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நிற்பவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று நாம் எல்லாருக்கும் தெரியும். மிச்சம் அவர்களுக்குத் தாராளமாகவே கிடைக்கும். உள்ளே வந்து உட்காருங்கள் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. பரிமாறுகிற வாளி என் கையில்தான் இருந்தது.

சித்தி போன ஆண்டு காலமானார். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம், பந்தியில் உட்கார வேண்டும், எதையும் கேட்காமல் சாப்பிட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே போனேன். அம்மாவும் சம்மதித்திருந்தார். முற்றத்தில் படத்துக்கு முன் படையல் போட்டு, சூடம் அணைந்திருந்தது. பந்தி விரித்திருந்தார்கள். நாங்கள் உட்காரப் போகும்போது சித்தியின் மகள், அன்றைக்குக் கோழிகளைப் பார்த்தவள், அடுக்களையிலிருந்து மூடிய தூக்குச்சட்டியோடு வந்தாள்.

“பெரியம்மா, உங்களுக்குப் படைக்கிறதுக்கு முந்தியே எடுத்து வச்சிட்டேன்.”