தினமும் கட்ட ஒரு நல்ல வாட்ச்

நம் வீடுகளில் விலை உயர்ந்த வாட்ச் இருக்கும் இடம் பீரோ. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரம், செயினோடு சேர்த்துப் போட்டதாக இருக்கும். பெரும்பாலும் தங்க நிறம். நிச்சயதார்த்தம், கிரகப்பிரவேசம், நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் என்றால் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் பட்டுத்துணியில் சுற்றிக் கிடக்கும். பேட்டரி வாட்சாக இருந்தால் தீர்ந்த பேட்டரி உள்ளேயே கசிந்து இயந்திரத்தை அரித்துவிடும். சாவி கொடுக்கிற வாட்சாக இருந்தால் எண்ணெய் இறுகிப் போயிருக்கும். கையில் கட்டுவதற்கென்று சாதாரணமாக வேறொன்று மேசைமேல் கிடக்கும்.

இந்த வழக்கத்தோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. லட்சக்கணக்கில் கொடுத்து ஒரு வாட்ச் வாங்கினால் அதைத் தினமும் கட்ட வேண்டும். தினமும் கட்டத் தயங்குகிற வாட்சுக்கு அவ்வளவு பணம் தர வேண்டியதில்லை.

அக்கா மகன் அண்மையில் கேட்டான்: “மாமா, ஒரே ஒரு நல்ல வாட்ச். ஆயுசுக்கும் அதுதான். எதை வாங்கட்டும்?” அவனிடம் பெயர்ப்பட்டியல் தயாராக இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. “காலையிலிருந்து ராத்திரி வரை உன் கை என்னென்ன செய்யுதுன்னு முதல்ல சொல்லுடா” என்றேன். பைக்கில் சென்னை ஓ.எம்.ஆர். சாலை வழியாக அலுவலகம் போகிறான். நாள் முழுக்க லேப்டாப். மதியம் சாப்பிட்டுக் கை கழுவுகிறான். சாயங்காலம் குழந்தையைப் பக்கெட்டில் உட்காரவைத்துக் குளிப்பாட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட். வருஷத்தில் எட்டு மாதம் வியர்வை. இத்தனையையும் தாங்குகிற வாட்ச்தான் அவனுக்கு வேண்டியது.

ஆனால் அவன் மனத்தில் இருந்தது ஜெஜர் லெகூல்த்ருவின் ரிவர்ஸோ. அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். உலகத்தில் இதுவரை செய்த கைக்கடிகாரங்களில் மிக அழகானவற்றில் அது ஒன்று. அதன் பிறப்பும் நம் நாட்டோடு சேர்ந்தது. 1930ஐ ஒட்டி இந்தியா வந்திருந்த சுவிஸ் வணிகர் சீசர் டி ட்ரேயிடம், போலோ ஆடிய பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் கண்ணாடி உடைந்த தன் வாட்சைக் காட்டி, ஆட்டத்தின் அடியைத் தாங்குகிற வாட்ச் செய்ய முடியுமா என்று கேட்டாராம். அந்த நிறுவனம் காலங்காலமாகச் சொல்லிவரும் கதை இது. 1931 மார்ச் 4 அன்று பாரிஸில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. நீள்சதுரப் பெட்டியைப் பக்கவாட்டில் நகர்த்தி அப்படியே திருப்பினால் கண்ணாடி உள்ளே போய்விடும், உலோக முதுகு வெளியே வரும். மட்டையும் பந்தும் அந்த முதுகில்தான் படும். எவ்வளவு எளிய, எவ்வளவு நேர்த்தியான யோசனை! தொண்ணூறு ஆண்டு கடந்தும் அந்த வடிவத்தை யாரும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

அப்படியிருந்தும் அவனுக்கு அது வேண்டாம் என்றேன். ரிவர்ஸோவுக்கு நீர்த்தாங்கு அளவு 30 மீட்டர். 30 மீட்டர் ஆழம்வரை கட்டிக்கொண்டு நீந்தலாம் என்று இதற்குப் பொருள் கொண்டு ஏமாறுகிறவர்கள் ஏராளம். சோதனைச்சாலையில், அசைவில்லாத நிலையில், அந்த ஆழத்துக்குரிய அழுத்தத்தை ஒரு முறை தாங்கியது என்பது மட்டுமே அதன் பொருள். நடைமுறையில் மழைத்தூறலும் கை கழுவும்போது தெறிக்கும் நீரும் சரி. பக்கெட்டுக்குள் கை விடக்கூடாது. கூடவே தோல் பட்டை. சென்னை வியர்வையில் தோல் பட்டை ஒரு கோடையைத் தாண்டினால் அதிசயம். உட்பக்கம் கறுத்து, உப்புப் பூத்து, நாற்றமெடுத்துவிடும். 1917இல் லூயி கார்த்தியே வடிவமைத்த டேங்க் வாட்சுக்கும் இதே குறைதான். மாலையில் குளித்துவிட்டுச் சட்டை மாற்றிக்கொண்டு கச்சேரிக்குப் போகிறவருக்கு இவை இரண்டும் பொருந்தும். ஓ.எம்.ஆரில் பைக் ஓட்டுகிறவனுக்குப் பொருந்தா.

நான் அவனுக்குச் சொன்னது ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட். 36 மில்லிமீட்டர், முழுக்க ஸ்டீல், கண்ணாடியைச் சுற்றிய வளையம் வழுவழுப்பானது. ரோலெக்ஸ் என்றதும் அவன் முகம் சுருங்கியது. அந்தப் பெயருக்குப் பணத்தைப் பறைசாற்றும் குணம் வந்துவிட்டது உண்மை. அதற்காக அதன் வேலைத்திறனைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. கைக்கடிகாரத்தின் பெரும்பகை தண்ணீரும் தூசியும். சாவி கொடுக்கும் திருகின் ஓட்டை வழியாகத்தான் அவை பெரும்பாலும் உள்ளே போகும். ரோலெக்ஸை நிறுவிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப், 1926இல் கொண்டுவந்த ஆய்ஸ்டர் வாட்சில் அந்தத் திருகையே மரையிட்டு இறுக்கி மூடும்படி செய்தார். மறு ஆண்டு அக்டோபரில் மெர்சிடீஸ் கிளைட்ஸ் என்ற இளம்பெண் அந்த வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். அவர் முன்பே கால்வாயைக் கடந்தவர். அதைச் சிலர் நம்ப மறுத்ததால் இரண்டாம் முறை இறங்கினார். கடுங்குளிரில் பத்து மணி நேரத்துக்கு மேல் போராடியும் கரை சேர முடியாததால் அவரைப் படகில் தூக்கிவிட்டார்கள். வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. வில்ஸ்டார்ஃப் லண்டன் ‘டெய்லி மெயில்’ நாளிதழின் முதல் பக்கத்தையே விலைக்கு வாங்கி இதை விளம்பரப்படுத்தினார். அந்த விளம்பரத்தின் நாயகி வாட்சைவிடப் பெரியவர் என்பது என் எண்ணம்.

1931இல் கை அசைவிலேயே சாவி ஏறும் சுழலி சேர்ந்தது. 1945இல் டயலிலேயே சிறு சாளரத்தில் தேதி தானாக மாறும் டேட்ஜஸ்ட் வந்தது. தண்ணீர் புகாது, சாவி கொடுக்க வேண்டாம், தேதி பார்க்கலாம்: ஒரு மனிதனுடைய ஒரு நாளுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஆண்டிலேயே ஒரே வாட்சில் சேர்ந்துவிட்டது. பிறகு வந்தவை எல்லாம் அதே வாட்சை இன்னும் கெட்டியாக்கியவைதான். பெட்டி 100 மீட்டர் அழுத்தம் தாங்கும். கண்ணாடி செயற்கை நீலக்கல். வைரத்துக்கு அடுத்த கடினம் அதற்கு, சுவரில் உரசினாலும் கீறல் விழாது. நான் கட்டியிருப்பது 1990களில் செய்த டேட்ஜஸ்ட், பழையதாகத்தான் வாங்கினேன். மழையில் நனைந்திருக்கிறது, கடலில் இறங்கியிருக்கிறது, பந்தியில் பரிமாறியிருக்கிறது.

தங்கம் கலந்தது வேண்டாமா என்று அக்கா கேட்டாள். நம் ஊரில் பாதி தங்கம், பாதி ஸ்டீல் சேர்ந்த வாட்சுக்கு ஒரு தனி மயக்கம் உண்டு. 18 காரட் தங்கம் மென்மையானது, சீக்கிரம் கீறல் விழும். மின்சார ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற கையில் தங்கம் மினுங்கினால் மனசு அதிலேயே இருக்கும். “தங்கம் வேணும்னா நகையா வாங்கிடுக்கா, பேத்திக்கு ஆகும்” என்றேன்.

அளவு விஷயத்தில் கடைக்காரர் சொல்வதைக் கேட்கவே கூடாது. இருபது ஆண்டுகளாக வாட்சுகள் பெருத்துக்கொண்டே போயின. 41, 42, 44 மில்லிமீட்டர் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருக்கும். நம்மில் பலருக்கு மணிக்கட்டு ஆறு, ஆறரை அங்குலம். டயலின் விட்டத்தைவிட முக்கியமானது, பட்டையைப் பிடிக்கும் காதுகளின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உள்ள நீளம். அது மணிக்கட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டக்கூடாது. தாண்டினால் வாட்ச் கையில் உட்காராது, புரண்டுகொண்டே இருக்கும். கையைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தால் எல்லா வாட்சும் பெரிதாகத்தான் தெரியும். ஆளுயரக் கண்ணாடி முன் நின்று பார்க்க வேண்டும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போய், பொத்தானைப் போட்டபிறகு வாட்ச் உள்ளே நுழைகிறதா என்று பார்ப்பதும் நல்லது.

ஸ்டீல் செயினின் கண்ணிகளைக் கழற்றி அளவு வைக்கும் வேலையை ஏ.சி. கடையில், காலையில் செய்யக்கூடாது. வெயில் நேரத்தில் மணிக்கட்டு வீங்கும். காலையில் சரியாக இருந்தது மூன்று மணிக்கு இறுக்கும். டேட்ஜஸ்டின் இப்போதைய ஆய்ஸ்டர் செயினில், பூட்டுக்குள் மறைந்திருக்கும் ஒரு கண்ணியை இழுத்துவிட்டால் 5 மில்லிமீட்டர் தளரும். நம் ஊர் வெயிலுக்கு இந்தச் சின்ன ஏற்பாடு பெரிய உதவி.

அவன் லேப்டாப் ஆசாமி என்பதால் காந்தத்தைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. போன் உறை, டேப்லெட் மூடி, ஸ்பீக்கர், கைப்பையின் கொக்கி என்று இன்று எங்கு பார்த்தாலும் காந்தம். வாட்சின் உயிர் ஒரு மயிரிழை சுருள்வில்லில் இருக்கிறது. அதில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வாட்ச் தாறுமாறாக முந்தி ஓடும். காந்தம் நீக்க ஒரு நிமிஷம் போதும், அதற்கான கருவி எல்லா நல்ல ரிப்பேர் கடையிலும் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் ஓமேகா மற்ற பலரையும் முந்திவிட்டது. சிலிக்கான் சுருள்வில் போட்டு, 15,000 காஸ் காந்தப்புலத்திலும் நேரம் தவறாமல் ஓடுமாறு செய்து, சுவிஸ் அரசின் அளவியல் நிறுவனத்திடம் சோதனைக்கும் விடுகிறார்கள். அவர்களுடைய அக்வா டெரா 38 மில்லிமீட்டரிலும் கிடைக்கிறது, 150 மீட்டர் தாங்கும். டேட்ஜஸ்டுக்குச் சமமாக நான் வைப்பது இதைத்தான்.

நேரத்தின் துல்லியத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நல்ல சுவிஸ் இயந்திர வாட்ச் நாளுக்குச் சில வினாடி முன்பின் ஓடும். ரோலெக்ஸ் உறுதி தருவது நாளுக்குக் கூடக்குறைய 2 வினாடி. ஓமேகா 0 முதல் 5 வினாடி வரை முந்தலாம் என்கிறது. ஆயிரம் ரூபாய் குவார்ட்ஸ் வாட்ச் இவற்றைவிடச் சரியாக ஓடும். கிராண்ட் செய்கோவின் குவார்ட்ஸ் வருஷத்துக்கே 10 வினாடிதான் பிசகும். இயந்திர வாட்சுக்காக நான் பேசுவதற்குக் காரணம் வேறு. என் டேட்ஜஸ்டைப் போல மணிக்கு 28,800 முறை, நாளுக்கு 6,91,200 முறை துடிக்கிற அந்தப் பொருளில் மாற்ற முடியாத பாகம் என்று ஒன்றுமில்லை. பல்சக்கரம் தேய்ந்தால் வேறு பல்சக்கரம். எண்ணெய் வற்றினால் கழுவிப் புது எண்ணெய். முப்பது ஆண்டுக்கு முந்தைய போனை ஓடவைக்க யாராலும் முடியாது. முப்பது ஆண்டுக்கு முந்தைய என் வாட்சைக் கண்ணில் ஐகிளாஸ் மாட்டிய ஒரு மனிதர் மேசைமேல் பிரித்துப் போட்டுச் சரிசெய்து தந்தார்.

இது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. அதன் 17 கல் வைத்த ஜனதா வாட்சைக் காலையில் காபிக்கு முன் சாவி கொடுத்துக் கட்டிக்கொண்டு ஆசிரியர்களும் தபால்காரர்களும் வங்கி குமாஸ்தாக்களும் ஓய்வுபெறும் வரை உழைத்தார்கள். தேதி கிடையாது, மினுமினுப்பு கிடையாது, 35 மில்லிமீட்டருக்கு மேல் உடம்பும் கிடையாது. பழுதானால் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து வாட்ச் கடையில் அன்றைக்கே சரியாகிவிடும். 2016இல் மத்திய அரசு எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட முடிவெடுத்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். டேட்ஜஸ்டில் நான் தேடுவது அந்த ஜனதாவின் குணத்தைத்தான். லட்சங்கள் செலவழிக்க மனமில்லாதவர்கள் ஓடுகிற நிலையில் ஒரு பழைய ஜனதாவைத் தேடி வாங்கலாம்; அது எந்த வகையிலும் இரண்டாந்தரம் ஆகாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. இரண்டு லட்சத்துக்கு மேல் என்றால் பான் எண் கேட்பார்கள். 10 லட்சத்தைத் தாண்டினால் 2025 ஏப்ரலிலிருந்து கடையிலேயே 1 சதவீதம் வரி பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். பழையது வாங்குவதானால், நமக்குத் தெரிந்த ரிப்பேர்க்காரர் பின்மூடியைத் திறந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே பணம் தர வேண்டும். முதலீடு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுவது நல்லது. 2022 தொடக்கத்தில் பழைய சந்தையில் உச்சிக்குப் போன விலைகள் அதன்பின் சரிந்ததைப் பார்த்தோம். விற்கப்போகும் நாளை நினைத்து, செயினில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக்கூட உரிக்காமல் வைத்திருப்பவர்கள் அந்த வாட்சைக் கட்டியதாகவே கணக்கில்லை. சர்வீஸ் செலவையும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை அது வரும், கணிசமாகவே வரும். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வாஷரை இடையில் ஒரு முறை சோதிக்கச் சொல்லலாம்.

அவன் கடைசியில் அக்வா டெரா வாங்கினான். நீல டயல். வெள்ளி நிற டயல்தான் வேட்டிக்கும் பேண்ட்டுக்கும் ஒருசேரப் பொருந்தும் என்பது என் கட்சி. அவன் கேட்கவில்லை, அவன் கை, அவன் விருப்பம். சில வாரத்துக்குள் பூட்டில் லேப்டாப் விளிம்பு உரசி முதல் கீறல் விழுந்துவிட்டது. பாலிஷ் போட்டுவிடலாமா என்று பதறிப்போய்ப் படம் அனுப்பினான். ஒவ்வொரு பாலிஷுக்கும் கொஞ்சம் உலோகம் போய்விடும், விளிம்புகள் மழுங்கும், இன்னும் ஆயிரம் கீறல் வரும், முதல் சர்வீஸ் வரை கடைப்பக்கமே போகாதே என்று பதில் போட்டேன். சர்வீசுக்குக் கொடுக்கும்போதும் பாலிஷ் வேண்டாம் என்று ரசீதிலேயே எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.