‘நம்ம சனத்துக்கு இதெல்லாம் புரியாது’ என்பவர்களுக்கு

திருப்பூரிலிருந்து தாராபுரம் போகும் சாலையும் கோவை–திருச்சி நெடுஞ்சாலையும் சந்திக்கும் இடம் அவிநாசிபாளையம். அங்கிருந்து தெற்கே, தாராபுரத்தையும் தாண்டினால் பழனி. ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ படத்தை மலையாள இயக்குநர் லிஜோ ஜோஸ் பெல்லிசேரி எடுத்தது அந்தப் பழனிப் பக்கத்து மஞ்சநாயக்கன்பட்டியில்தான். வேளாங்கண்ணி போய்விட்டு ஊர் திரும்பும் மலையாளி ஒருவர் நட்டநடு வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்குகிறார். முன்பின் அறியாத தமிழ்க் கிராமத்துக்குள் நடந்துபோய், அந்த ஊரில் காணாமல்போன சுந்தரம் என்பவராகவே அவர் வீட்டில் புழங்கத் தொடங்குகிறார். மாட்டுக்குத் தீவனம் வைக்கிறார், அம்மாவிடம் பேசுகிறார், ஊரார் அதிர்ந்து நிற்கிறார்கள். இதெல்லாம் ஏன் நடந்தது என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. 2022 டிசம்பரில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் பார்வையாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த படம் இது.

நம் பக்கத்து வெயிலில், பெருமளவு நம் பேச்சிலேயே எடுத்த இந்தப் படத்தைப் பற்றி இங்கே பேச்செடுத்தால் முதலில் வரும் பதில்: “அதெல்லாம் நம்ம சனத்துக்குப் புரியாதுங்க.” அடுத்த பதிலும் தயாராக இருக்கும். “ஒன்றரை ஷிப்ட் ஓட்டிட்டு வர்றவனுக்கு நாலு பாட்டு, ரெண்டு பைட்டு இருந்தாப் போதும்.” தியேட்டர்காரர் சொல்கிறார், விநியோகஸ்தர் சொல்கிறார். வருத்தத்துக்குரிய விஷயம், இந்த மாதிரிப் படங்களை நேசிப்பவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். இது பொய். கேட்கக் கரிசனம் போல் இருப்பதால் இத்தனை காலம் யாரும் எதிர்த்துக் கேட்காமல் விட்ட பொய்.

‘கொட்டுக்காளி’யை எடுத்துக்கொள்வோம். 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் திரையிடப்பட்டு, ஆகஸ்ட் 23 அன்று தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது. பின்னணி இசை கிடையாது. நாயகி ஏறக்குறைய வாய் திறப்பதே இல்லை. சாதி விட்டுக் காதலித்த பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சாமியாடியிடம் போகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில், முடிவைப் பார்வையாளர் கையில் கொடுத்துவிட்டுப் படம் நின்றுவிடுகிறது. சிலர் கொண்டாடினார்கள், சிலர் “முடிவு எங்கே?” என்று கோபத்தோடு வெளியேறினார்கள். இந்த மாதிரிப் படத்தைத் திரையரங்குக்குக் கொண்டுவந்து வெகுசனப் படங்களோடு மோதவிட்டிருக்கக் கூடாது என்ற பொருளில் இயக்குநர் அமீர் பேசினார். படத்தின் மீதுள்ள அக்கறையில் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அக்கறை யாரை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும்.

‘கொட்டுக்காளி’யை எடுத்த பி.எஸ். வினோத்ராஜ் வறுமையால் சிறுவயதிலேயே பள்ளியை விட்டவர். மதுரைப் பூ மார்க்கெட்டில் வேலை பார்த்தார். பிறகு பிழைப்புத் தேடி வந்த ஊர் திருப்பூர். இங்கே ஆடைத் தொழிலில் உழைத்தார். அதன்பின் சென்னையில் ஒரு டிவிடி கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்த உலகப் படங்களைப் பார்த்துப் பார்த்துச் சினிமா கற்றார். அவருடைய முதல் படம் ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் விழாவின் உயரிய டைகர் விருதை வாங்கியது. நம் கம்பெனிகளில் பீஸ் அடுக்கிக்கொண்டிருக்கும் பையன்களைப் போல ஒருவராக இருந்தவர்தான் அவர். ‘பனியன் கம்பெனிக்காரனுக்குப் புரியாது’ என்று ஒதுக்கப்படும் படம், அந்த வாழ்க்கையிலிருந்தே வந்திருக்கிறது. அவருக்குக் கிடைத்தது தனி மூளை என்று நான் நம்பவில்லை. கை நீட்டினால் எடுக்கும் தூரத்தில் படங்கள் கிடைத்தன. அவரோடு வேலை செய்த மற்றவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

கொங்கு மண்ணின் உழைக்கும் மக்கள் விசித்திரக் கதைகளுக்குப் புதியவர்களா? 1965இல் கனடிய மானுடவியலாளர் பிரெண்டா பெக், காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டாகப் பதிவு செய்தார். 18 இரவுகள் நீண்ட கதை அது. கேட்டவர்கள் பகலெல்லாம் காட்டிலும் தோட்டத்திலும் பாடுபட்டவர்கள். அந்தக் கதை நேர்கோட்டில் போவதில்லை. மனிதரும் தெய்வமும் ஒரே முற்றத்தில் நடமாடுகிறார்கள். தங்காள், மாண்டுபோன அண்ணன்மாரை எழுப்பிப் பேசவைக்கிறாள். அவர்கள் பேசிவிட்டு மறுபடியும் போய்விடுகிறார்கள். அந்தக் கதையின் போர்க்களத்தை நிகழ்த்திக்காட்டும் படுகளச் சடங்கில் கேட்டுக்கொண்டிருந்த ஆட்களே செத்தவர்போல் விழுகிறார்கள், எழுப்பப்படுகிறார்கள். பார்ப்பவர் யார், கதைக்குள் இருப்பவர் யார் என்ற கோடே அழிந்துபோகிறது. அவிநாசிக் கோயிலுக்குப் போனால், முதலை விழுங்கிய பிள்ளை சுந்தரர் பாட, பல ஆண்டுகள் கழித்து அந்த ஆண்டுகளுக்குரிய வளர்ச்சியோடு கரைக்கு வந்த கதையைச் சொல்வார்கள். முதலை வயிற்றுக்குள் பிள்ளை எப்படி வளர்ந்தான் என்று நம் அப்பத்தாக்கள் கேட்டதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் நெஞ்சு அதில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அப்பத்தாக்களின் பேரன், ஒரு காலையில் குதிரைவால் முளைத்து எழும் வங்கி ஊழியனின் கதையைத் தாங்கமாட்டான் என்று யார் முடிவு செய்தது? 2022 மார்ச்சில் வந்த ‘குதிரைவால்’ படத்தைச் சொல்கிறேன். எனக்கும் அதில் பிடிபடாத இடங்கள் உண்டு. சில இடங்கள் இழுவை என்றுகூட நினைக்கிறேன். ஆனால் ‘என் உடம்பில் எனக்கே தெரியாத ஒன்று முளைத்துவிட்டது, யாரிடம் போய்க் கேட்பது’ என்ற அவன் தவிப்பை உணரப் பட்டப்படிப்பு தேவையில்லை.

வரலாற்றையும் பார்க்கலாம். 1930 டிசம்பரில் பாரிஸ் நகரின் ஸ்டூடியோ 28 அரங்கில் லூயி புனுவலின் ‘பொற்காலம்’ ஓடியபோது திரையில் மையை வீசி, முகப்பறையில் வைத்திருந்த ஓவியங்களைக் கிழித்தவர்கள் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர். மதத்தையும் தேசத்தையும் காக்கக் கிளம்பிய வலதுசாரி அமைப்பினர். தமிழில் இயக்குநர் ஜான் ஆபிரகாமின் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977) தேசிய விருது பெற்ற பிறகும், எதிர்ப்புக்குப் பயந்து தூர்தர்ஷன் அதன் ஒளிபரப்பைக் கைவிட்டது. எதிர்த்தவர்கள் படிக்காதவர்களா? படம் என்ன சொல்கிறது என்று நன்றாகப் புரிந்துதான் எதிர்த்தார்கள். அதே ஜான் ஆபிரகாம் பின்னர் கேரளத்தில் ஒடேசா என்ற திரைப்பட இயக்கத்தோடு ஊர் ஊராகச் சாப்ளின் படத்தைத் திரையிட்டு, சாதாரண மக்களிடம் நிதி திரட்டி 1986இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார். அவர் மக்களை நம்பினார், மக்கள் காசு போட்டார்கள்.

அப்படியானால் இங்கே ஏன் அரங்கு நிறைவதில்லை என்று கேட்பார்கள். இந்தப் படங்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது பகல் காட்சி. பனியன் கம்பெனியில் ஓவர்லாக்கிலும் செக்கிங்கிலும் இருப்பவர் வேலை நாளில் காலை 11 மணிக்கு எங்கே போய்ப் படம் பார்ப்பது? அவருக்குச் சனிக்கிழமை இரவு சம்பளம், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. அந்த ஞாயிறு வருவதற்குள் படத்தைத் தூக்கிவிடுகிறார்கள். தூக்கிவிட்டு, ‘மக்கள் ஏற்கவில்லை’ என்று எழுதுகிறார்கள். போஸ்டரில் பெரிய நடிகரைக் காட்டி அடிதடிப் படம் என்று நம்பவைத்து உள்ளே அழைத்திருந்தால், வந்தவர் ஏமாந்து கத்துவது நியாயம்தான். அந்தக் கோபத்தை ரசனையின்மை என்று பேசுகிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. ‘முடிவு எங்கே?’ என்று கத்தியவர் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகுமோ என்று பதறியிருக்கிறார். விளக்கத்தை மனப்பாடம் செய்து வந்து, பக்கத்து இருக்கைக்காரரை முட்டாளாகப் பார்க்கும் விழா ரசிகரைவிட அவர் படத்துக்கு நெருக்கமானவர். படத்துக்குள் ஒரே ஒரு விடை ஒளிந்திருக்கிறது, அது தங்களுக்கு மட்டும் தெரியும் என்று காட்டிக்கொள்பவர்களால்தான் மற்றவர்கள் வாய் திறக்கக் கூசுகிறார்கள்.

எனவே பல்லடம், அவிநாசிபாளையம், காங்கேயம் வட்டாரத்துத் திரையரங்கு உரிமையாளர்களையும், தொழிற்சங்கங்களையும், இலக்கிய அமைப்புகளையும் கேட்டுக்கொள்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலைக் காட்சியை இந்தப் படங்களுக்குக் கொடுங்கள். அரங்கு கிடைக்காவிட்டால் கல்யாண மண்டபமும் புரொஜெக்டரும் போதும். போஸ்டரில் என்ன மாதிரிப் படம் என்பதை உள்ளபடி போடுங்கள். படம் முடிந்ததும் மேடையில் யாரும் விளக்கவுரை ஆற்ற வேண்டாம். மைக்கை முதலில் கம்பெனியிலிருந்து வந்தவரிடம் கொடுங்கள். பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால், அதையும் முழுக்கக் கேளுங்கள்.