லைட்டை அணைத்தீர்கள், காரணத்தைச் சொன்னீர்களா?

லோடு வண்டி எடுக்க உங்கள் ஷோரூமுக்கு வந்த அன்று என்னிடம் எத்தனை கேள்வி கேட்டீர்கள்! என்ன லோடு, எந்த ரூட், நாளைக்கு எத்தனை நடை? ஒன்றையும் மறைக்கவில்லை. சுற்றுப்பட்டித் தோட்டங்களில் தக்காளியும் முருங்கையும் ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறக்குவேன், நடைக்கு 5, 6 கிலோமீட்டர், சீசனில் நாளைக்கு 8 நடை என்றேன். "உங்க தொழிலுக்குன்னே செஞ்ச வண்டிண்ணே" என்றார் உங்கள் விற்பனைத் தம்பி. 2 வருஷம் கழித்து வண்டி படுத்தது. அதே கட்டடத்தின் பின்பக்கம் உட்கார்ந்திருந்த சர்வீஸ் மேனேஜர் சொன்னார்: "இப்படிக் கிட்டத்துலயே ஓட்டுனா எஞ்சின் எப்படிண்ணே தாங்கும்?"

முன்வாசலில் என் தொழிலைக் காட்டி வண்டியை விற்றீர்கள். பின்வாசலில் அதே தொழிலைக் குற்றமாக்கி வாரண்டி இல்லை என்றீர்கள். என் வயிறு எரியாமல் வேறென்ன செய்யும்?

22 வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறேன். காலையில் குச்சியை உருவி ஆயில் பார்க்காமல் ஒரு நாளும் சாவி போட்டதில்லை. பழைய வண்டிகள் ஆயில் குடிக்கும், குறைந்தால் ஊற்றுவோம். இந்த வண்டியில் மட்டம் குறையவே இல்லை, கொஞ்சம் ஏறியும் இருந்தது. ஆயிலே தின்னாத எஞ்சின் என்று டீக்கடையில் நாலு பேரிடம் பெருமை பேசினேன். ஏறியது ஆயில் இல்லை, டீசல். அது தெரியாத மடையனாக என்னை விட்டுவைத்தது யார்?

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 புகை விதிப்படியான வண்டிதான் விற்கவேண்டும் என்று வந்தது. புகையில் வரும் கரியைப் பிடிக்க சைலன்சர் வழியில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி. அது வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். என் புகை என் பிள்ளைகளின் நெஞ்சுக்கும்தானே போகிறது. ஆனால் அதில் தேங்கும் கரியை எஞ்சினே அவ்வப்போது எரித்தாகவேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். கூடுதலாக டீசலை விட்டு அந்தச் சூட்டை ஏற்றிக்கொள்கிறது. நீண்ட ரோட்டில் 20 நிமிஷம் சீராக ஓடினால் வேலை முடிந்துவிடும். நானோ பத்தே நிமிஷத்தில் தோட்டத்து வரப்போரம் சாவியை அணைத்துவிடுவேன். அரைகுறையாக நின்ற ஒவ்வொரு தடவையும், எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு கலந்திருக்கிறது.

டர்போ நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது. அதன் பேரிங்கைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். ஆயில் தண்ணீராய் நீர்த்தால் எதைப் பிடித்துக்கொண்டு சுற்றும்? ஒரு ராத்திரி மார்க்கெட்டுக்கு 2 கிலோமீட்டர் இருக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். பின்னாலேயே வெள்ளைப் புகை. 80 பெட்டி தக்காளி பின்னால் நிற்க, இழுவை வண்டிக்கு ரோட்டோரம் காத்துக் கிடந்தேன். விடிந்து சரக்கு போனபோது ஏலம் முடிந்திருந்தது.

இது திடீரென்று வந்த நோயா? மூன்றாவது சர்வீஸிலேயே டேஷ்போர்டில் அந்த வடிகட்டிக்கான மஞ்சள் விளக்கு எரிகிறது என்று சொன்னேன். ஸ்கேனரை மாட்டினீர்கள், விளக்கு அணைந்தது. "சரியாயிருச்சுண்ணே, எடுத்துட்டுப் போங்க" என்றீர்கள். நாலாவது சர்வீஸிலும் அதே கதை. இரண்டு ஜாப் கார்டும் என் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. ஆயில் மட்டம் 'ஓகே' என்று உங்கள் கையெழுத்தே சொல்கிறது. "அண்ணே, வாரம் ரெண்டு தடவை வண்டிய பைபாஸ்ல விட்டு ஓட்டுங்க, ஆயில முன்னாடியே மாத்துங்க" என்று சொல்ல எத்தனை விநாடி ஆகியிருக்கும்?

எல்லாம் கையேட்டில் இருக்கிறதாம். முழுக்க இங்கிலீஷ். பத்தாவது படிக்கும் என் மகள் எழுத்துக்கூட்டி அந்தப் பக்கத்தைப் படித்துச் சொன்னது, டர்போ போன பிறகு.

பில் 1,86,000 ரூபாய். சீட்டைத் தள்ளி எடுத்துக் கட்டினேன். வண்டி நின்ற 23 நாளில் ஃபைனான்ஸ்காரர் டியூவை நிறுத்திவைத்தாரா? வடிகட்டியையே பிடுங்கி எறிந்துவிடலாம், சில ஆயிரம்தான் ஆகும் என்று ஒருவர் காதைக் கடித்தார். சட்டத்துக்கும் புறம்பு, ஊருக்கும் கேடு என்று ஒதுங்கிவிட்டேன். சட்டத்தை மதிப்பது லோடு வண்டிக்காரன் மட்டும்தானா?

கடைசியாக ஓர் அம்பு எய்தீர்கள்: "இது கமர்ஷியல் வண்டி, நீங்க கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது." போக முடியும் ஐயா. சுயதொழில் செய்து வயிறு கழுவ மட்டுமே வாங்கிய பொருளை 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'வணிக நோக்கம்' என்று தள்ளவில்லை. எனக்கு டிரைவர் கிடையாது, கிளீனர் கிடையாது, இரண்டாவது வண்டியும் கிடையாது. 2 வருஷத்துக்குள் மனுப் போடவேண்டும், போட்டுவிட்டேன். அந்த இரண்டு ஜாப் கார்டும்தான் என் சாட்சி.

இப்போதெல்லாம் வாரம் இரண்டு ராத்திரி, இறக்கி முடித்த வெறும் வண்டியைத் தாராபுரம் ரோட்டில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்புகிறேன். கரியை எரிக்க என் காசில் டீசலை எரிக்கிறேன். "லோடும் இல்லாம எங்கடா போற?" என்று மார்க்கெட்டில் கேட்கிறார்கள். அவர்களில் மூன்று பேர் இதே வண்டி வைத்திருக்கிறார்கள். நிறுத்தி, பானெட்டைத் திறந்து, குச்சியை உருவிக் காட்டிச் சொல்லித்தருகிறேன். சம்பளம் வாங்கிக்கொண்டு நீங்கள் செய்திருக்கவேண்டிய வேலை அது.