தலைகுனிந்து எடுத்த படங்கள்
விவியன் மேயரின் படங்களை மறுபடி புரட்டிக்கொண்டிருந்தேன். சிகாகோவில் பிறர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். அவர்களையும் அழைத்துக்கொண்டே தெருத்தெருவாகச் சுற்றிப் படமெடுத்தவர். 1959இல் விடுப்பெடுத்து பாங்காக், எகிப்து என்று தனியே கிளம்பியபோதும் ஓயவில்லை. என்னை இழுப்பது அவருடைய ரோலிஃபிளெக்ஸ் கேமராதான். வயிற்றருகே பிடித்து, தலைகுனிந்து, மேலிருக்கும் கண்ணாடியில் பார்க்க வேண்டும்; ஒரு சுருளுக்கு 12 படம். எதிரே நிற்பவரை முறைத்துக் குறிபார்க்கும் சங்கடமில்லை. கீழிருந்து எடுப்பதால் தெருவோரத்து மனிதர்கள் நம்மைவிட ஒரு பிடி உயரமாக, மிடுக்காக நிற்கிறார்கள். பல சுருள்களை அவர் கழுவிக்கூடப் பார்க்கவில்லை. வாடகை பாக்கிக்காக 2007இல் பெட்டி பெட்டியாக அவை ஏலம் போனபோது அவர் உயிரோடுதான் இருந்தார் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.