ஓடும் வீட்டுக்கு வேகம் எதற்கு?

அமெரிக்காவில் ஒரு வகை மோட்டார் வண்டி உண்டு. அதில் கட்டில் இருக்கும். அடுப்பு இருக்கும். குளியல் அறையும் இருக்கும். குடும்பமே அதில் ஏறி ஊர் சுற்றும். அதன் பெயர் "மோட்டார் ஹோம்". அதாவது, ஓடும் வீடு!

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1973 முதல் 1978 வரை இப்படி ஒரு வண்டி செய்தது. எடை சுமார் 5 டன். முதலில் அதில் பூட்டிய என்ஜினோ, "டொரனாடோ" என்ற காரில் இருந்த வகை!

அந்த வண்டிகளைப் பலர் இன்றும் ஆசையோடு ஓட்டுகிறார்கள். "மேட்டில் இழுக்கவில்லையே" என்று, சிலர் என்ஜினுக்குப் பலம் ஏற்றுகிறார்கள்.

முதலில் கவனிக்க வேண்டியது பலம் அல்ல, சூடு. இதுவே நமது கருத்து.

மூன்றில் ஒரு பங்கு

பெட்ரோல் எரிந்து தரும் சக்தியில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலைக்கு உதவுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மற்றொரு பங்கை ரேடியேட்டர் தண்ணீர் சுமக்கிறது. அதிகப் பலம் வேண்டுமானால் அதிகப் பெட்ரோல் எரிய வேண்டும். அப்போது சூடும் கூடும். பழைய ரேடியேட்டர் தாங்குமா?

கலிபோர்னியாவில், பேக்கர் என்ற ஊரைத் தாண்டினால் பாலைவனத்தில் நீண்ட ஏற்றம். என்ஜின் கொதிக்காமல் இருக்க, வண்டியின் குளிர்சாதனத்தை நிறுத்தும்படி அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள்!

குளிர்ச்சியும் ஆகாது

சிலர் தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறிகிறார்கள். அது தண்ணீர்ப் பாதையில் உள்ள சிறு கதவு. பல என்ஜின்களில் சுமார் 90 டிகிரி சென்டிகிரேடில் திறக்கும். அது இல்லாவிட்டால் என்ஜின் சூடேற நேரமாகும். பெட்ரோல் சரியாக எரியாது. ஆயிலில் ஈரமும் அழுக்கும் சேரும். என்ஜின் தேயும். சோறு வேகவும் அளவான தீ வேண்டும் அல்லவா?

ஆகவே, முதலில் ரேடியேட்டரைச் சுத்தம் செய்ய வேண்டும். விசிறியையும், ரப்பர்க் குழாய்களையும் பார்க்க வேண்டும். மேட்டில் கியரைக் குறைத்து மெதுவாக ஏற வேண்டும். அதன் பிறகு பலம் ஏற்றலாம்.

இன்னொன்று. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தால் பொங்கி முகத்தில் அடிக்கும். எந்த மோட்டார் வண்டிக்கும் இது பொருந்தும்.

பத்து நிமிடம் தாமதமாக மலை ஏறினால் நஷ்டம் இல்லை. பாலைவனத்தின் நடுவே நின்றுவிட்டால்? நிற்பது வண்டி மட்டும் அல்ல. பிள்ளைகுட்டிகளோடு ஒரு வீடே நிற்கிறது!