அடுத்த சிலந்தி எது? பேரனுக்கு நான் சொன்ன பதில்



போன ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் இருக்கும் என் அக்கா பேரன் வீடியோ காலில் வந்தான். "தாத்தா, அடுத்து எதை வாங்கலாம், நீங்க சொல்லுங்க" என்றான். கார் விஷயம் என்று நினைத்தேன். இல்லை, சிலந்தி!

அவன் டாரன்டுலா வளர்ப்பது உறவுகளுக்குத் தெரியும். உள்ளங்கை அகலத்துக்கு, உடம்பெல்லாம் மயிராக இருக்கும் பெரிய சிலந்தி. நம் ஊரில் எட்டுக்கால் பூச்சி என்போம். பூச்சிக்கு ஆறு கால்தான், சிலந்தி பூச்சி இனம் இல்லை என்று முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். இன்னும் எல்லோரும் பூச்சி என்றுதான் சொல்கிறார்கள். இருக்கட்டும்.

அவனிடம் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன. ஒன்று முழங்காலில் சிவப்புப் பட்டை போட்ட மெக்சிகோ சிலந்தி. இன்னொன்று சிலி நாட்டு ரோஸ் ஹேர். மூன்றாவதாக அவன் மனதில் இருப்பது இரண்டு. முதலாவது நீல நிறத்தில் ஜொலிக்கும் 'கூட்டி' சிலந்தி. இரண்டாவது மத்திய அமெரிக்காவின் சுருள்முடிச் சிலந்தி, பழுப்பு நிறம், பார்க்கச் சாதாரணமாக இருக்கும். அவன் ஆசை நீலத்தின் மேல்தான். "நம்ம பக்கத்துச் சிலந்தி தாத்தா, ஆந்திரா" என்றான்.

மறுநாள் அக்கா போன் செய்தாள். "ஏன்டா, அவன் உன் பேச்சைத்தான் கேட்பான். பொண்டாட்டி ஏழு மாசம். அந்தக் கருமத்தையெல்லாம் தூக்கி எறியச் சொல்லு. அது இருக்கிற வீட்டுக்கு நான் பிரசவத்துக்குப் போக மாட்டேன்" என்றாள்.

இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். ஒரு வாரம் படித்தேன், யோசித்தேன். என் கருத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன். அவனுக்கும் இது பொருந்தும், ஆசைப்பட்டு எந்த உயிரை வாங்கும் யாருக்கும் பொருந்தும்.

முதலில் அந்த நீலச் சிலந்தியின் கதை. கூட்டி என்பது அனந்தபூர் மாவட்டத்தில் ஒரு ரயில் ஜங்ஷன். அங்கே ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரு சிலந்தியை வைத்து 1899-ல் போக்காக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி அதற்குப் பெயர் வைத்தார். அது கூட்டியின் சிலந்தியே அல்ல, மரத்தோடு ரயிலில் வந்திறங்கியது என்றுதான் நினைக்கிறார்கள். அதன் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. 2001-ல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையே உள்ள காட்டில் மறுபடி கண்டார்கள். இருக்கும் இடம் நூறு சதுர கிலோமீட்டர் கூட இல்லை. மரப்பொந்தில் வாழும் சிலந்தி. விறகுக்கு மரம் வெட்டினால் அதற்கு வீடு போயிற்று. அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் 2008-ல் சேர்த்துவிட்டார்கள். 2019-ல் அந்த இனம் முழுவதும் சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

பேரன் விடவில்லை. "இங்கே விக்கிறது எல்லாம் இங்கேயே பொரிச்ச குஞ்சுங்க தாத்தா. காட்டிலேர்ந்து யாரும் பிடிக்கல. நாங்க வளர்க்கிறதால இனம் பிழைக்குது" என்றான்.

பாதி உண்மை. வீட்டில் பொரித்த குஞ்சை வாங்கினால் காட்டுச் சிலந்திக்கு ஆபத்துக் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்ணாடிப் பெட்டியில் சிலந்தி பெருகினால் நந்தியால் காட்டில் ஒரு மரம் கூடக் கூடாது. இனத்தைக் காப்பாற்றுவது காடு. நாம் வளர்ப்பது நம் ஆசைக்கு. ஆசை தப்பில்லை, அதற்குச் சேவை என்று பெயர் வைக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம் வீட்டைப் பற்றியது. இந்த நீலச் சிலந்தி மின்னல் வேகத்தில் ஓடும். இதன் கடியால் யாரும் செத்ததாகப் பதிவில்லை. ஆனால் தசைப்பிடிப்பு வந்து நாள்கணக்கில் ஆளைப் படுத்திவிடும். மூடியைத் திறந்து இரை போடும்போது, பக்கத்து அறையில் குழந்தை வீறிட்டு அழுதால் யாருக்குக் கை பதறாது? நமக்கே பதறும்.

சுருள்முடிச் சிலந்தி நிதானமானது. தரையில் குழி தோண்டிக்கொண்டு கிடக்கும். ஆனால் அதுவும் பொம்மை அல்ல. பயந்தால் வயிற்றுப் பக்கத்து மயிரைக் காலால் தேய்த்து உதிர்க்கும். தோலில் பட்டால் அரிப்பு, கண்ணில் பட்டால் டாக்டரிடம் ஓட வேண்டும். அவன் இப்போது வைத்திருக்கும் இரண்டும் அப்படித்தான். அதனால் அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இப்போது ஒரு பழைய கதை. உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஐப்பசி மழையில் ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவில் ஓட்டுக் கூரையிலிருந்து ஒரு பெரிய சிலந்தி 'பொத்'தென்று விழுந்தது. பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறிவிட்டார்கள். நான் விளக்குமாற்றை எடுத்து மூன்று அடி போட்டேன். பிறகு அதைப் பாட்டிலில் போட்டு, எட்டுக் காலையும் எண்ணிக் காட்டிப் பாடம் நடத்தினேன். நல்ல பாடம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

போன வாரம் பேரன் அனுப்பிய படங்களில் ஒன்றைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீலச் சிலந்தியின் சொந்தக்காரி. அதே போக்காக், அதே 1899-ல் பெயர் வைத்தது. கிடைத்த இடம் 'காடியம்பட்டி, சேலம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. நம் காடையாம்பட்டியாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் அழியும் நிலையில் உள்ள இனம். நான் அடித்தது அதுதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. என்ன சிலந்தி என்று ஒரு நிமிஷம் பார்க்காமலே அடித்தேன், அதுதான் உறுத்துகிறது. நிறத்தைப் பார்த்து வாங்குகிறவனும், உருவத்தைப் பார்த்து அடிக்கிறவனும் ஒரே தப்பைத்தான் செய்கிறோம். எதிரே இருக்கும் உயிர் எது, எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

அதனால் பேரனுக்கு நான் சொன்ன பதில் இது.

நீலம் இப்போது வேண்டாம். மூன்றாவது கட்டாயம் வேண்டுமென்றால் சுருள்முடிச் சிலந்தி. அதுவும் அங்கேயே பொரித்த குஞ்சாக, பொரித்தவரை நேரில் பார்த்து, ரசீதோடு வாங்கு. பெண் சிலந்தியாக அமைந்தால் இருபது வருஷத்துக்கு மேல் வாழும். உன் பிள்ளை காலேஜுக்குப் போகும்போதும் அது அந்தப் பெட்டியில் இருக்கும். அதுவரை தண்ணீர் வைக்க, வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போக நீ தயாரா? தயார் என்றால் வாங்கு. குழந்தை வருமுன் எல்லாப் பெட்டிகளையும் ஒரே அறையில் வைத்துப் பூட்டு. சாவி உன்னிடமும் உன் மனைவியிடமும் மட்டும் இருக்கட்டும். வாங்குவதா வேண்டாமா என்பதில் கடைசி வார்த்தை அவளுடையது, என்னுடையது அல்ல.

இங்கே நம் ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்து ஆசைப்படும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 2021 ஜூலையில் போலந்திலிருந்து சென்னைக்கு வந்த தபால் பார்சலில் 107 சிலந்திகளைச் சுங்கத்துறை பிடித்தது. சின்னச் சின்னக் குப்பிகளில், வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றி, உயிரோடு. அனுப்ப வேண்டிய முகவரி நம் தென் மாவட்டம் ஒன்று. எல்லாவற்றையும் போலந்துக்கே திருப்பி அனுப்பினார்கள். அனுமதி இல்லாமல் தபாலில் உயிரை வரவழைக்காதீர்கள். காட்டிலிருந்து பிடித்து விற்பவனிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

வீட்டில் பெரிய சிலந்தி வந்தால் விளக்குமாற்றைத் தேடாதீர்கள். அகலமான டப்பாவைக் கவிழ்த்து, அடியில் ஒரு அட்டையைச் சொருகி, தோட்டத்தில் மரத்தடியில் விட்டுவிடுங்கள். இதை நான் அன்றைக்கே வகுப்பில் செய்து காட்டியிருக்க வேண்டும்.

பேரன் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். அக்கா, இதைப் படித்ததும் எனக்குப் போன் போட்டுத் திட்டாதே. பூட்டின அறை என்றால் போவாயா மாட்டாயா, அதை மட்டும் சொல்.

அந்த ஆறாம் வகுப்பில் அன்றைக்கு இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தச் சிலந்தி என்ன நிறம், காலில் பட்டை இருந்ததா என்று ஞாபகம் இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். எனக்கு மறந்துவிட்டது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்